வீட்டு வெளிச்சத்தில் குழந்தையைப் படமெடுக்க: குறைந்த செலவில் கேமரா தேர்ந்தெடுக்கும் முறை

குழந்தையைப் படமெடுப்பதற்காகக் கேமரா வாங்க வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ஜூம் என்பவற்றைத்தான். ஆனால் குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பங்கு வீட்டுக்குள், விளக்கொளியில், கைக்கெட்டும் தொலைவிலிருந்து எடுக்கப்படுபவை. அங்கே இந்த இரண்டுக்கும் அதிக வேலை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரவு எட்டு மணிக்கு நம் வீட்டு வரவேற்பறையில், ஒரு நொடியும் நிலையாக இராத ஒரு சிறு முகத்தை இந்தக் கேமரா கலங்காமல் பிடிக்குமா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் கேமராவைச் சில ஆண்டுகள் பழையதாகவும், விலை குறைந்ததாகவும் வாங்க முடியும். இல்லை என்று சொல்லும் புத்தம்புதிய கேமராவுக்கு அதைவிட அதிகம் கொடுக்கவும் நேரும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், உள்ள வரிசை வீடுகளை எண்ணிப் பாருங்கள். சன்னல்கள் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு ஒட்டியவை. முன்வாசலில் கார் நிறுத்தும் கூரை வெயிலை மறைத்துவிடும். ஆகவே வீட்டின் நடுப்பகுதி நண்பகலிலும் மங்கலாகவே இருக்கும். தொட்டில் கட்டும் இடமும், பாட்டி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் இடமும் பெரும்பாலும் அந்த நடுப்பகுதிதான். நடைபாதையைப் பார்த்த சன்னல் உள்ள அடுக்குமாடி வீடுகளிலும் நிலைமை இதுவே. வெளியே வெயில் கொளுத்தும் ஊர் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை என்று நாம் நினைக்கிறோம். நம் கண் மங்கலுக்கு விரைவில் பழகிவிடுவதால் வீட்டுக்குள் ஒளி எவ்வளவு குறைவு என்பது நமக்குத் தெரிவதில்லை.

கேமரா வாங்கவே வேண்டுமா என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்மைக்காலக் கைப்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைத்து, மங்கலான அறையிலும் தெளிவான படத்தைத் தந்துவிடுகின்றன. உறங்கும் குழந்தைக்கு அது போதும். குழந்தை கையை ஆட்டும்போதும், தவழும்போதும், சிரித்துத் திரும்பும்போதும்தான் அந்த முறை தடுமாறுகிறது. கைவிரல்கள் கரைந்துபோகின்றன, முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. இன்னொன்று, கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது என்பதால், முகத்தை நிரப்ப வேண்டுமென்று அருகே போனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். உங்கள் கைப்பேசிப் படங்களில் இந்தக் குறைகள் உங்களை உறுத்தவில்லை என்றால் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். உறுத்துகின்றன என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஒளியைப் பிடிப்பதில் இரண்டு பொருள்கள் பங்கு கொள்கின்றன. ஒன்று சென்சர், அதாவது உள்ளே வரும் ஒளியைப் படமாக மாற்றும் தகடு; மற்றது லென்ஸ். சென்சரைப் பொறுத்தவரை ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு, அதாவது ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. இருந்தால் குடும்பப் படங்களுக்கு நிறைவாகப் போதும். கேனனின் ஏபிஎஸ்-சி சென்சர் இதைவிடச் சற்றே சிறியது; ஒலிம்பஸ் (இப்போது ஓஎம் சிஸ்டம்), பானசோனிக் பயன்படுத்தும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ.; இதுவும் ஏற்கத்தக்கதே. மிகத் தொலைவு ஜூம் ஆகும் என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவான சிறு கேமராக்களில் பெரும்பாலானவற்றில் உள்ள சென்சர் 6.2க்கு 4.6 மி.மீ. அளவுதான். பரப்பளவில் அது ஏபிஎஸ்-சியின் பதின்மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்குள் இவை நல்ல கைப்பேசியைவிடச் சிறந்த படத்தைத் தரமாட்டா. இவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மெகாபிக்சலைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டு நகரலாம். நாம் வழக்கமாகக் கழுவி எடுக்கும் 4ஆர் படம் 4க்கு 6 அங்குலம். அதைத் தெளிவாக அச்சிட இரண்டேகால் மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டும் 8ஆர் படத்துக்கு, அதாவது 8க்கு 10 அங்குலத்துக்கு, ஏழேகால் போதும். கடந்த பத்தாண்டுகளில் வந்த ஏபிஎஸ்-சி கேமராக்களில் பெரும்பாலானவை 24 மெகாபிக்சல் கொண்டவை. அதற்கு மேல் கொடுக்கும் பணம் குழந்தைப் படத்துக்குப் பயன்படாது.

இனி லென்ஸ். உங்கள் பணத்தில் அதிகக் கவனம் பெற வேண்டியது இதுதான், ஆனால் கடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் 18-55 மி.மீ. போன்ற ஜூம் லென்ஸ்கள் (இந்த மி.மீ. எண் கூடக்கூடப் பார்வைக்கோணம் குறுகும்). அவற்றில் ஒளி நுழையும் துளை எஃப் 3.5இல் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6 வரை சுருங்கிவிடும். கேனன் ஆர்50, ஆர்100 ஆகியவற்றோடு வரும் 18-45 மி.மீ. லென்ஸ் எஃப் 6.3 வரை சுருங்குகிறது. ஜூம் ஆகாத, ஒரே பார்வைக்கோணம் கொண்ட பிரைம் லென்ஸ்களோ எஃப் 1.8 வரை திறக்கும். இந்த எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது என்று பொருள். எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது, எஃப் 6.3ஐவிடப் பன்னிரண்டு மடங்கு.

பத்து மடங்கு என்பது நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். இரவு விளக்கொளியில் கிட் லென்ஸை எஃப் 5.6இல் வைத்துப் படமெடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது சென்சரில் ஒளி விழும் நேரம், நொடியில் 30இல் ஒரு பங்கு என்று வந்தால், தவழும் குழந்தையின் படம் உறுதியாகக் கலங்கும். மற்ற எதையும் மாற்றாமல் எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் அதே வேகம் 300இல் ஒரு பங்கை நெருங்கும். உறங்கும் குழந்தைக்கு 60இல் ஒரு பங்கும், கை கால் உதைத்து விளையாடும் குழந்தைக்கு 125 முதல் 250இல் ஒரு பங்கும், ஓடும் குழந்தைக்கு 500இல் ஒரு பங்கும் தேவைப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கிட் லென்ஸ் தோற்குமிடத்தில் பிரைம் லென்ஸ் எப்படி வெல்கிறது என்பது விளங்கும்.

எந்த பிரைம் லென்ஸ் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8 மலிவானது, புகழ்பெற்றது. ஆகவே எல்லாரும் அதையே பரிந்துரைப்பார்கள். ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் அதன் பார்வைக்கோணம் குறுகிவிடுகிறது. கேனனில் அது 80 மி.மீ. லென்ஸின் கோணத்துக்குச் சமம். பூங்காவில் முகத்தை மட்டும் எடுக்க அது அழகானது. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், குழந்தையையும் அதைத் தூக்கி வைத்திருக்கும் தாத்தாவையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டுமென்றால், முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் இடம் போதாது. ஆகவே முதல் பிரைம் லென்ஸ் இயல்பான கோணம் கொண்டதாக இருக்கட்டும்: நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா வகை) 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், சோனிக்கு 30 மி.மீ. எஃப் 1.4 சிக்மா அல்லது 35 மி.மீ. எஃப் 1.8, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 25 மி.மீ. எஃப் 1.7 பானசோனிக். கேனன் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற தட்டையான சிறு லென்ஸ் இருக்கிறது. ஒளி சற்றுக் குறைவு என்றாலும், 16 செ.மீ. வரை நெருங்கிப் பிஞ்சு விரல்களையும் எடுக்கலாம். முடிந்தால் கிட் லென்ஸையும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பெரிய குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுக்க அதுவே வசதி.

பொருந்துமா என்பதை வாங்குமுன் உறுதிசெய்ய வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார், அதாவது படம் தெளிவாகும்படி லென்ஸைச் சரிசெய்யும் மோட்டார், இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸை அவற்றில் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் 2018 முதல் வரும் ஆர்எஃப் வகைக் கேமராக்களில் நேரே பொருந்தா. இடையில் ஓர் அடாப்டர் தேவை.

கேமராவைப் பொறுத்தவரை கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்று இரு வகை உண்டு. டிஎஸ்எல்ஆர் பயன்படுத்தப்பட்ட நிலையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தயாரிப்பாளர்கள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதே காரணம். நிக்கான் டி3500 2018இல் வந்தது. படத்தின் தரத்தில் இன்றும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் பின்திரையைப் பார்த்து எடுத்தால் அதன் ஃபோகஸ் மெதுவானது. கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரத்தின் வழியாகவே எடுக்கப் பழக வேண்டும். 2017இல் வந்த கேனன் 200டியில் திரைவழி ஃபோகஸும் வேகமானது, திரை திரும்பவும் செய்யும். தரையில் தவழும் குழந்தையின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, திரையை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு எடுக்கலாம். டிஎஸ்எல்ஆர் வாங்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மிரர்லெஸ் கேமராக்களின் பெரும் நன்மை, அவை முகத்தையும் கண்ணையும் தாமே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வது. 2019இல் வந்த சோனி ஏ6400, குழந்தை நகர்ந்துகொண்டே இருந்தாலும் கண்ணை விடாமல் பின்தொடரும். பட்ஜெட் இடம்கொடுத்தால் பயன்படுத்தப்பட்ட ஏ6400 மிக நல்ல தேர்வு. 2014இல் வந்த ஏ6000 அவ்வளவு திறமையானது அன்று என்றாலும், இன்னும் மலிவானது, விரைவானது. புதியதே வேண்டும் என்போர் 2023இல் வந்த கேனன் ஆர்50ஐப் பார்க்கலாம். அதே ஆண்டில் அதைவிட மலிவாக வந்த ஆர்100இல் தொடுதிரை இல்லை, திரை அசையவும் செய்யாது. குழந்தைப் படத்துக்கு இவ்விரண்டும் உண்மையாகவே தேவைப்படுபவை என்பதால் விலை வேறுபாட்டைக் கண்டு மயங்க வேண்டாம். கேனன் எம்50 பயன்படுத்தப்பட்ட சந்தையில் ஏராளமாகக் கிடைக்கும், நல்ல கேமராவும்தான். ஆனால் அந்த வரிசையைக் கேனன் நிறுத்திவிட்டதால், பின்னாளில் லென்ஸ் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று எண்ணி வாங்கக் கூடாது.

பெரும்பாலான புதிய மிரர்லெஸ் கேமராக்களில் ஓசையின்றிப் படமெடுக்கும் வசதி உண்டு. அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையை எழுப்பாமல் எடுக்க அது அரிய துணை. ஆனால் சில எல்இடி விளக்குகளின் கீழ் அப்படி எடுத்தால் படத்தில் குறுக்கே கருநிறப் பட்டைகள் விழும். மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது, அதனால் அத்தகைய விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. பட்டை தெரிந்தால் வழக்கமான ஷட்டருக்கு மாறி, வேகத்தை 50 அல்லது 100இல் ஒரு பங்காக வைத்துப் பாருங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மொத்தம் 2,000 ரிங்கிட் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, கடைக்காரர்கள் ‘பாடி’ என்று சொல்வதற்கு, 1,200 ரிங்கிட்டைத் தாண்ட வேண்டாம். 500 ரிங்கிட்டை பிரைம் லென்ஸுக்கு என்று தனியே வைத்துவிடுங்கள். மீதியில் மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, ஈரத்திலிருந்து காக்கும் பெட்டி ஆகியவை அடங்க வேண்டும். தொகை குறைவாக இருந்தால் பாடியின் வயதைக் கூட்டுங்கள், லென்ஸின் பங்கைக் குறைக்காதீர்கள்.

கோலாலம்பூரில் பயன்படுத்தப்பட்ட கேமராக்களுக்குப் பலரும் தேடிப் போகும் இடம் புடு பிளாசா. புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவில் மின்னணுக் கடைகள் அதிகம். பினாங்கில் இருப்போர் கொம்தார் வட்டாரத்தில் தொடங்கலாம். இணையத்தில் தனியாரிடமிருந்து வாங்குவது மலிவு என்றாலும், முன்பணம் கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம். பொருளை நேரில் பார்த்து, சோதித்து, பிறகே பணம் கொடுங்கள்.

சோதனைக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள், உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். முதலில் லென்ஸைக் கழற்றி, துளையை முழுவதும் திறந்த நிலையில், கைப்பேசி விளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள்கள் படத்தைப் பாதிக்கா. சிலந்தி வலைபோல் கிளைத்த மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் இது மிகப் பரவலான நோய், சுத்தம் செய்யும் செலவு மலிவான லென்ஸின் விலையை எட்டிவிடும். அடுத்து, எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சென்சரில் படிந்த தூசியைக் காட்டும். ஓரிரு புள்ளிகள் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம். தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ 100,000 படங்களுக்குத் தாங்கும் என்று கணக்கிடப்படுகிறது. நிக்கான் படக்கோப்பில் இதுவரை எடுத்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும், கைப்பேசியிலேயே இலவசச் செயலிகளில் படித்துக்கொள்ளலாம். பேட்டரி வீங்கியிருக்கிறதா, கார்டு மூடி ஒழுங்காக மூடுகிறதா, பிளாஷ் எரிகிறதா, எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்பதையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக, கூட வந்தவரை அங்குமிங்கும் நடக்கச் சொல்லிக் கடையின் மங்கலான மூலையில் பத்துப் படங்கள் எடுங்கள். அவற்றில் எத்தனை தெளிவு என்பதே வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கட்டும்.

புதிய கேமரா வாங்கும்போது, உத்தரவாதம் மலேசியாவிலுள்ள தயாரிப்பாளரின் கிளையுடையதா, கடைக்காரருடையது மட்டுமா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் கொண்டுவரப்பட்டவை சில நூறு ரிங்கிட் மலிவாக இருக்கலாம். பழுதானால் கிளையில் ஏற்கமாட்டார்கள். கடையோடு தகராறு ஏற்பட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இந்த உரிமை வணிகரிடம் வாங்கியவருக்கே. தனியாரிடம் வாங்கியவருக்கு இல்லை. பயன்படுத்தப்பட்ட கேமராவுக்குக் கடையில் சற்று அதிகம் கொடுப்பதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

எப்போது வாங்குவது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. தனியார் துறையில் பணிபுரியும் தந்தைக்குச் சட்டப்படி 2023 முதல் ஏழு நாள் விடுப்பு உண்டு; அந்த ஏழு நாளும் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக ஓடிவிடும், கேமராவின் பட்டியல்களைப் படிக்க நேரம் இராது. பிரசவத்துக்கு ஓரிரு மாதம் முன்பே வாங்கி, வீட்டிலுள்ளவர்களை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். துளையை நாம் அமைக்க, வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் துளை முன்னுரிமை முறையில் எஃப் 2.2 என்று வையுங்கள், 1.8இல் மிக அருகிலிருந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் மங்கலாகவும் ஆகிவிடும். பாட்டியும் பேரனும் சேர்ந்த படத்துக்கு, வெளிச்சம் இருந்தால் எஃப் 4. ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக்கி, 6400க்கு மேல் போகாமல் வரம்பிடுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 250இல் ஒரு பங்காக அமைக்கும் வசதி இருந்தால் அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் முன்னுரிமை முறையில் அதே வேகத்தை வைத்துக்கொள்ளலாம். படத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தால் கவலை வேண்டாம். புள்ளி உள்ள தெளிவான சிரிப்பை அச்சில் யாரும் குறைசொல்லமாட்டார்கள், கலங்கிய சிரிப்பைத் திருத்த வழியே இல்லை.

பிளாஷைக் குழந்தையின் முகத்துக்கு நேரே அடிக்க வேண்டாம். குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாகும். முன்வாசல் கதவைத் திறந்து, குழந்தையை வெளிச்சத்துக்குப் பக்கவாட்டாகப் படுக்க வைத்தால் போதும். பெயர் சூட்டித் தொட்டிலில் இடும் விழா மண்டபத்தில் நடந்தால், மேலே திருப்பக்கூடிய ஒரு சிறு பிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடியுங்கள். ஒளி மென்மையாகப் பரவி விழும். பத்துமலையில் முடியிறக்கும் நாளில் சிக்கல் நேர்மாறானது: உச்சி வெயிலில் குழந்தையின் மொட்டைத்தலை வெளுத்துப்போகும், குகைக்குள் மேலிருந்து இறங்கும் ஒளிக்கும் ஓரத்து இருளுக்கும் நடுவே கேமரா குழம்பும். காலையில் சீக்கிரமே போய், வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுத்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

வாங்கிய கேமராவை அலமாரியில் துணிகளோடு வைத்தால் ஓராண்டுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கக்கூடும். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 80 விழுக்காடு. மின்சார உலர்பெட்டி வாங்க இயலாதவர்கள், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் வைத்து, அளவை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளலாம். ஜெல்லின் நிறம் மாறியதும் உலர்த்தியோ மாற்றியோ ஆக வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுபோகும்போது, பைக்குள்ளேயே கால்மணி நேரம் இருக்கவிட்டு எடுத்தால் கண்ணாடியில் நீர் படியாது.

படங்களை வாரந்தோறும் கார்டிலிருந்து கணினிக்கு மாற்றுங்கள், ஒரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், அந்த டிஸ்க் முடிந்தால் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் பதிவாகிவிட்டதைச் சரிபார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும்.